பழைய ஆல்பத்தைப் பிரிக்கும் முன்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் கல்யாண வேலையைவிடப் பழைய படத்தைப் புதுப்பிக்கும் வேலைதான் அதிகம். தோட்டங்களில் ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகி, ஜனங்கள் தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோனபோது மூட்டையோடு மூட்டையாக வந்த படங்கள். "தாத்தாவை மட்டும் பெருசு பண்ணிக் குடுங்கண்ணே" என்பார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் அவர் பக்கத்தில் வாளியோடு நிற்கும் பொம்பளை யாரென்று கேட்டால் முழிப்பார்கள்.

பேர்போன படங்களுக்கும் இதே கதிதான். 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்த ஒரு தாயை டோரத்தியா லாங்கே எடுத்த படம் உலகத்தையே சுற்றியது. பெயரை அவர் குறித்து வைக்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரியவே 1978 ஆகிவிட்டது.

அதே 1936இல் வாக்கர் எவன்ஸ் அலபாமாவின் பருத்திக் குத்தகைக் குடும்பங்களைப் படம் பிடித்தார். ஜேம்ஸ் ஏஜி எழுத, 1941இல் 'லெட் அஸ் நவ் பிரைஸ் ஃபேமஸ் மென்' என்ற புத்தகம் வெளிவந்தது. படங்கள் எல்லாம் எழுத்துக்கு முன்னால், ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் வரும். பலகைச் சுவர், இறுக மூடிய உதடு, நேராகப் பார்க்கும் கண்: அல்லி மே பர்ரோஸ். லயத்து வாசலில் நிற்கும் நம் அத்தை மாதிரியே இருப்பார். எழுத்தில் ஏஜி அவர் பெயரை மாற்றிவிட்டார். ஊர் வாய்க்குப் பயந்து செய்தது. புத்தகத்துக்கு அது சரி. நம் வீட்டு ஆல்பத்துக்கு யாரிடம் மறைக்க வேண்டியிருக்கிறது?

ஆகவே பெயர் எழுதுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படமென்றால், பிள்ளைகள் பரீட்சைக்கு வாங்கும் 2பி பென்சில் போதும். பின்பக்கம், ஓரமாக, அழுத்தாமல். பால்பாயின்ட் பேனாவில் எழுதி, மணப்பெண் கன்னத்தில் எழுத்து புடைத்து நிற்கும் படம் ஒன்று இப்போதுகூட என் மேசையில் கிடக்கிறது. வழவழப்பான கலர் படத்தின் முதுகில் பென்சில் பிடிக்காது. அதற்கு ஒரு காகித உறை எடுத்து, உறைமேல் எழுதுங்கள். எழுதிவிட்டுப் படத்தை உள்ளே வையுங்கள்.

அடுத்து வரிசை. ராபர்ட் ஃப்ராங்க் 1955, 56இல் அமெரிக்காவைச் சுற்றி 27,000க்கும் மேல் படங்கள் எடுத்தார். 1958இல் பாரிஸில் வந்த 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்தில் நின்றவை 83. எது எதற்குப் பின்னால் வருகிறது என்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது. உங்கள் பாட்டியும் எதையோ நினைத்துத்தான் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இந்தப் படத்தை ஒட்டினார். பிரிப்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் போனில் எடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் தாள் மூடிய ஒட்டும் ஆல்பம்தான் எமன். பசை மஞ்சளாகிப் படத்தைக் கவ்விக்கொள்ளும். இழுத்தால் முகம் பிய்ந்து வரும். இறுகிவிட்டதென்றால் கை வைக்காமல் அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள்; போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், பெரிதாக்க எனக்கு ஒன்றும் மிஞ்சாது.