உடைந்த டர்பைன் பிளேடைத் தேய்க்காதீர்கள்

போன ஐப்பசியில், நல்ல மழை நாளில், கிண்டியில் உள்ள எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு ஒரு பார்சல் வந்தது. வடசென்னைப் பக்கத்து ஆலை ஒன்றின் கேஸ் டர்பைனில் முறிந்த கம்ப்ரசர் பிளேடு, அதாவது காற்றை இழுத்து அழுத்தும் பகுதியில் சுழலும் தகடு. பாதிக்கு மேல் காணோம். கொண்டுவந்த இளைஞர், "தின்னர் ஊத்தி, கம்பி பிரஷ்ஷால நல்லா தேய்ச்சு எடுத்துட்டு வந்திருக்கேன் சார்" என்றார். அக்கறையாகத்தான் செய்திருந்தார். ஆனால் முறிவு முகத்தில் எனக்கு வேண்டியதில் பாதி பிரஷ்ஷோடு போய்விட்டது.

பெரும்பாலான பிளேடுகள் ஒரே அடியில் முறிவதில்லை. அதிர்வில் எங்கோ ஒரு புள்ளியில் விரிசல் தொடங்கி, மெல்ல மெல்ல உள்ளே நகர்கிறது. அது நகர்ந்த தடம் வளைவு வளைவாகப் பதிந்திருக்கும். மெரினாவில் அலை வாங்கிய பிறகு ஈர மணலில் கோடு கோடாகத் தெரியுமே, அதே மாதிரி. அந்த வளைவுகளைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் விரிசல் பிறந்த இடம் கிடைக்கும். அங்கே ஒட்டியிருக்கும் துளி அழுக்குகூட சாட்சிதான்.

"தம்பி, பக்கத்து பிளேடுகளை அப்படியே அனுப்புங்க, துணிகூடப் பட வேண்டாம்" என்றேன். வந்தவற்றின் முன்விளிம்பில் ஊசிமுனை அளவுக் குழிகள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தோம். குழிக்குள் குளோரின் இருந்தது. கடல் உப்பு.

சென்னையில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தண்ணீரை இழுத்துக்கொண்டு தானே கரைந்துவிடும். நம் ஊரில் பெரும்பாலான விடியற்காலைகள் அப்படித்தான். தூளாக இருந்தவரை, டர்பைனுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டரில் நின்ற உப்பு, கரைசலானதும் கசிந்து உள்ளே போகிறது. ஓடும் மெஷினைவிட நின்றுகிடக்கும் மெஷினைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கம்ப்ரசரைக் கழுவிவிட்டு, சிறிது நேரம் ஓட்டி உலர்த்தாமல் நிறுத்திவிட்டால், துருப்பிடிக்காது என்று நாம் நம்பும் குரோமியம் எஃகிலும் குழி விழும். குழி சின்னதுதான். ஆனால் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு கிலோ எடை நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால், அது வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஏறக்குறைய 10 டன். அந்த இழுவையோடு அதிர்வும் சேரும்போது குழி விரிசலாகிறது.

தப்பித்து, எரிபொருள் எரிந்த சூட்டில் பிளேடுகள் சுழலும் பகுதிக்குப் போன உப்பு அங்கே வேறு வேலை செய்கிறது. எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்ஃபேட் ஆகி, பிளேடின் மேல் படிந்து, 884 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அந்த பிளேடின் நிக்கல் கலவையைக் காப்பாற்றும் ஆக்சைடு படலத்தை அந்த உருகிய உப்பு கரைத்துவிடும். எரிபொருளில் வனேடியம் இருந்தால் இன்னும் மோசம், அதன் ஆக்சைடு 690 டிகிரி அளவிலேயே உருகும்.

அப்புறம் க்ரீப். சூட்டிலும் இழுவையிலும் பிளேடு கொஞ்சம் கொஞ்சமாக நீள்வது. பிளேடைக் குளிர்விக்கும் காற்றுத் துளையில் தூசி அடைத்து உலோகத்தின் சூடு 15 டிகிரி ஏறினாலே அதன் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகலாம். அடிக்கடி நிறுத்தி ஓட்டுவது, முழு லோடில் டிரிப் ஆகி சட்டென்று நின்றுபோவது, இரண்டும் வெப்ப விரிசலைக் கொண்டுவரும். ஓவர்ஹாலில் மறந்துவிட்ட ஒரு நட்டு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே பிளேடு போய்விட்டதா, பதறாமல் முதலில் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். வரிசை எண்ணை எழுதுங்கள். உடைந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், தடம் நசுங்கிவிடும். சிலிக்கா ஜெல் போட்டு உலர்ந்த பையில் வையுங்கள். எல்லாவற்றையும் அனுப்புங்கள், ஏனென்றால் முதலில் உடைந்தது ஒன்றாகவும் அது அடித்து உடைத்தவை பலவாகவும் இருக்கும்.

அந்த ஆலைக்கு நேரில் போனேன். அதே இளைஞர்தான் ஃபில்டர் அறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே நின்று கதவைச் சாத்தி விளக்கை அணைத்தோம். கதவோரத்து ரப்பர் கேஸ்கெட் வெடித்த இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அதற்குக் கீழே, சுத்தமான காற்று போக வேண்டிய பக்கத்தில், தரையில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அவர் கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டு, "பையில எடுக்கட்டுமா சார்?" என்று கேட்டார்.