அழுத்தமே இல்லாத குழாயில் 38 மில்லிவோல்ட்

பம்பு சோதனை மேடை ஒன்றில் அழுத்த சென்சார் தப்பாகக் காட்டுகிறது என்று அழைத்திருந்தார்கள். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. திரையிலோ 38 மில்லிவோல்ட். 0 முதல் 16 பார் வரையிலான அழுத்தத்தை 0 முதல் 10 வோல்ட்டாகத் தரும் சென்சார் அது. இல்லாத அழுத்தம் 0.06 பார் என்று பதிவாகிக்கொண்டிருந்தது.

"மென்பொருளில் 38-ஐக் கழித்துவிட்டேன் சார், சரியாகிவிட்டது. ஆனால் மத்தியானம் மறுபடியும் வருகிறது" என்றார் அங்கிருந்த இளைஞர். பக்கத்து மேடையின் 24 வோல்ட் சொலினாய்டு வால்வுகள் (மின்காந்தத்தால் இயங்குபவை) திறந்தால், கழித்த பிறகும் 50 மில்லிவோல்ட் மிஞ்சியது.

இந்தக் கழித்தலைப் போகுமிடமெல்லாம் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. மாறாத பிழையைத்தான் கழிக்க முடியும். அது மாறுமா மாறாதா என்பது, எங்கிருந்து வருகிறது என்று கண்ட பிறகுதான் தெரியும்.

சென்சாரின் மின்னழுத்தத்தை அளந்து கணினிக்கு எண்ணாகத் தருவது ஒரு கார்டு. சென்சார் கம்பிகளைக் கழற்றிவிட்டு, அந்தக் கார்டின் டெர்மினலிலேயே உள்ளீட்டையும் தரையையும் சிறு செம்புக் கம்பியால் ஷார்ட் செய்தேன். 0.3 மில்லிவோல்ட். ±10 வோல்ட் வரம்பில் 16 பிட் கார்டு 20 வோல்ட்டை 65,536 படிகளாகப் பிரிக்கிறது; ஒரு படியே ஏறத்தாழ அவ்வளவுதான். கார்டின் மேல் குற்றமில்லை. அதற்குள் புதிய கார்டுக்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார்கள்.

ஷார்ட் செய்யாமல், கம்பியைக் கழற்றிவிட்டு மட்டும் பார்க்காதீர்கள். எல்லாச் சேனல்களும் (உள்ளீட்டு வழிகளும்), மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஒரே மாற்றியை முறைவைத்துப் பயன்படுத்தும் கார்டுகளில், எதுவும் இணைக்காத சேனல் முந்தைய சேனலின் மின்னழுத்தத்தை ஓரளவு அப்படியே காட்டும். அந்த எண்ணை நம்பி நல்ல கார்டைப் பழுதென்று ஒதுக்கியவர்களை நான் அறிவேன்.

கம்பிகளை மீண்டும் மாட்டி, மல்டிமீட்டரின் ஒரு முனையை சென்சாரின் தரை முனையிலும் மற்றதைக் கார்டின் தரை டெர்மினலிலும் வைத்தேன். 38. வால்வுகளைத் திறக்கச் சொன்னேன். 88. வால்வுகளின் மின்னோட்டமும் சென்சாரின் மின்னோட்டமும் திரும்பி வருவது ஒரே கம்பி வழியாக. 0.1 ஓம் தடையுள்ள கம்பியில் அரை ஆம்பியர் ஓடினாலே 50 மில்லிவோல்ட் விழும். கார்டு பொய் சொல்லவில்லை. அந்தக் கம்பியின் மின்னழுத்தத்தையும் சேர்த்தே நேர்மையாக அளந்திருக்கிறது.

சென்சாரின் தரை முனையிலிருந்து தனிக் கம்பி இழுத்து, கார்டை டிஃபரென்ஷியல் முறைக்கு, அதாவது பொதுத் தரையை நம்பாமல் இரு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் அளக்கும் முறைக்கு, மாற்றினோம். ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு உள்ளீடுகள் தேவைப்படுவதால் 16 சேனல்கள் 8 ஆகக் குறைந்தன. பிழை 1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. (பேட்டரி போல எங்கும் எர்த் ஆகாத ஒன்றை அளப்பதாக இருந்தால், அதன் மைனஸ் முனையிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம் முதல் 100 கிலோ ஓம் வரையில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். இல்லாவிட்டால் அளவு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.)

கேலிபிரேஷனை, அதாவது தெரிந்த மின்னழுத்தத்தைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதை, அதற்குப் பிறகுதான் தொட்டேன். கார்டை அரை மணி நேரம் சூடேற விட்டு, சுழியில் ஒன்றும் 9 வோல்ட்டில் ஒன்றுமாக, திருத்துவதற்கு முன்பு கிடைத்த அளவுகளைப் பதிவேட்டில் எழுதினேன். இதைப் பலர் எழுதுவதில்லை. கேலிபிரேஷன் சான்றிதழ் பிழை எவ்வளவு என்று சொல்லும். அதைத் திருத்துவது தனி வேலை. திருத்துமுன் இருந்த எண் இல்லையென்றால், பழைய அளவுகளை நம்பலாமா என்று எவராலும் சொல்ல முடியாது.

38-ஐக் கழித்து எடுத்த சோதனை அறிக்கைகளை இப்போது தேதிவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின்போதும் பக்கத்து வால்வுகள் திறந்திருந்தனவா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.