மண்டபத்தில் ஒரு ப்ராசஸர், பாம்பனில் ஒரு ப்ராசஸர்

கீழக்கரையிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளப்பாறைப் படங்களை நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று பொருத்தி, முப்பரிமாண வடிவமாக்குவது அவருடைய ஆய்வு வேலை. வீட்டில் இருப்பது ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட வொர்க்ஸ்டேஷன், அதாவது கனமான வேலைக்கான கம்ப்யூட்டர். மதர்போர்டில் ப்ராசஸருக்கு இரண்டு இடம். ஒன்றில் இன்டெல் ஜியான் இ5-2680 வி4 இருக்கிறது, இன்னொன்று காலி. "காலி இடத்தில் இதே மாதிரி இன்னொன்றை வாங்கிப் போட்டால் பத்து மணி நேர வேலை ஐந்து மணி நேரத்தில் முடியுமா? கூட வேறு என்னென்ன வாங்கணும், சார்?" இதுதான் கேள்வி.

ஐந்தில் முடியாது, கிட்டத்தில் வரலாம். பத்து மணி நேரத்தில் ஒன்பது மணி நேர வேலையைப் பங்கு போட்டுக் கொடுக்க முடியும், ஒரு மணி நேர வேலையை ஒரே கோர்தான் (ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில் ஒன்று) செய்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது நாலரையாகும். அந்த ஒன்று ஒன்றாகவே நிற்கும். ஆக, ஐந்தரை மணி நேரம். கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் சொன்ன கணக்கு இது.

அந்த ஐந்தரையும்கூட, இரண்டு ப்ராசஸரும் ஒன்றையொன்று காக்க வைக்காமல் ஓடினால்தான் கிடைக்கும். எந்தப் பாகத்தை எப்படி வாங்க வேண்டும் என்பதையும் இந்தக் காத்திருப்புதான் முடிவு செய்கிறது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மண்டபம் ஒரு ப்ராசஸர், பாம்பன் இன்னொன்று. ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்திலேயே சொந்தச் சந்தை உண்டு. அதுதான் அந்த ப்ராசஸரோடு நேராக இணைந்த மெமரி. மண்டபத்துக்காரர் மண்டபம் சந்தையில் வாங்கினால் சீக்கிரம் வேலை முடியும். பாம்பன் சந்தையில்தான் பொருள் இருக்கிறது என்றால் பாலம் தாண்டிப் போய்வர வேண்டும். இந்த ஜியான்களில் அந்தப் பாலத்தின் பெயர் கியூபிஐ (குவிக்பாத் இன்டர்கனெக்ட்). சொந்த மெமரியிலிருந்து ஒரு தகவல் வரச் சுமார் 90 நானோ நொடி ஆகும். 2.4 கிகாஹெர்ட்ஸில், அதாவது ப்ராசஸர் நொடிக்கு 240 கோடி முறை துடிக்கும்போது, அது 200 துடிப்புக்கு மேல். பாலம் தாண்டினால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அகலமும் குறைவு. சொந்த மெமரியின் நான்கு வழியிலும் சேர்த்து நொடிக்கு 76.8 கிகாபைட் வரலாம். பாலத்தின் இரண்டு இணைப்பையும் சேர்த்தாலும் ஒரு திசைக்கு 38.4தான், சரியாகப் பாதி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நான் மாணவனாக இருந்தபோது இதைப் படித்துவிட்டு அன்றிரவு தூங்கவில்லை.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு கடை. அண்ணன் மண்டபத்தில், தம்பி பாம்பனில். படகுகளுக்கு ஐஸும் டீசலும் கடனாகக் கொடுக்கிறார்கள். கடன் நோட்டு கிடங்கில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கிடங்குக்கு நடக்க முடியாது என்பதால், வேண்டிய பக்கத்தை ஆளுக்கொரு நகல் எடுத்து மேசையில் வைத்திருக்கிறார்கள். கிடங்குதான் மெமரி. அந்த மேசைதான் கேஷ் (cache), ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான மெமரி. இப்போது ஒரு படகுக்காரர் பாம்பனில் கடனை அடைத்துவிடுகிறார், தம்பி தன் நகலில் அடித்துவிடுகிறார். அண்ணனின் நகலில் கடன் அப்படியே நிற்கிறது. சாயங்காலம் அண்ணன் அதே ஆளிடம் மறுபடி பணம் கேட்பார். கம்ப்யூட்டரில் இப்படி ஒரே ஒருமுறை நடந்தாலும் விடை தப்பு.

தீர்வு, ஒவ்வொரு நகலின் மேலும் ஓர் அடையாளம் போடுவது. மொத்தம் நான்கே அடையாளம். 'இந்த நகல் என்னிடம் மட்டும்தான், நான் திருத்திவிட்டேன், கிடங்கு நோட்டு பழசு' என்பது ஒன்று. 'என்னிடம் மட்டும்தான், ஆனால் இன்னும் திருத்தவில்லை' என்பது இன்னொன்று. 'இருவரிடமும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுபோல்' என்பது மூன்றாவது. 'என் நகல் செல்லாது' என்பது நான்காவது. இருவரிடமும் உள்ள பக்கத்தில் தம்பி பேனா வைக்கும் முன், 'உன் நகலைக் கிழித்துப் போடு' என்று பாலம் வழியாக ஆள் அனுப்ப வேண்டும். அண்ணன் கிழித்துவிட்டதாகப் பதில் வந்த பிறகே எழுத்து செல்லும். நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் (Modified, Exclusive, Shared, Invalid) சேர்த்து இதற்கு மெசி என்று பெயர்.

இதில் என் மனசைப் பறித்தது அந்த இரண்டாவது அடையாளம். அது இல்லாமலும் கணக்கு தப்பாது. மூன்றே அடையாளத்தில் ஒழுங்காக ஓட்டலாம். ஆனால் பக்கம் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று தெரியாததால், எடுத்த ஒவ்வொரு பக்கத்திலும் முதல்முறை எழுதும் முன் பாலத்துக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். உண்மையில் பெரும்பாலான பக்கங்கள் ஒருவருக்கு மட்டுமே வேண்டியவை. பக்கத்தை முதலில் எடுக்கும்போதே 'வேறு யாரிடமும் இல்லை' என்று குறித்துவைத்தால், பிறகு பேனாவை எடுத்து எழுதிவிடலாம். யாருக்கும் சொல்ல வேண்டாம், யார் பதிலுக்கும் காத்திருக்க வேண்டாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் பாப்பமார்கோஸும் ஜனக் படேலும் 1984இல் இதை வெளியிட்டார்கள். கோடிக்கணக்கான தேவையற்ற செய்திகளை ஒரே ஓர் அடையாளம் நிறுத்திவிடுகிறது. இன்றைய ப்ராசஸர்கள் இதன்மேல் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தாலும் அடிப்படை அதேதான்.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. நகல் எடுப்பது வரி வரியாக அல்ல, பக்கம் பக்கமாக. ப்ராசஸரில் ஒரு பக்கம் என்பது 64 பைட். ஒரே பக்கத்தில் மேல் வரி அண்ணனின் படகு, கீழ் வரி தம்பியின் படகு என்றால், இருவரும் தத்தம் வரியை மட்டுமே தொட்டாலும் பக்கம் பாலத்தில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். சில மென்பொருள்கள் இரண்டு ப்ராசஸரில் வேகம் குறைவது சில நேரம் இதனால்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இப்படிப்பட்ட யோசனைக்குச் சில்லு செய்யும் ஆலை வேண்டாம். தாளும் பேனாவும், நாலைந்து வருஷம் தொந்தரவில்லாமல் யோசிக்கப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் போதும். சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர் குழு 2018இல் நம் நாட்டு ஆலையிலேயே சில்லு செய்து காட்டிவிட்டது. நம் மாவட்டத்திலிருந்து போகும் ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு மாதப் பணம் தவறாமல் வந்தால், அடுத்த அடையாளம் இங்கிருந்து வரக் கூடாதா?

சரி, வாங்க வேண்டியவை. ப்ராசஸர் அதே மாடலாக இருக்கட்டும். எண்ணில் 26 என்று தொடங்குவது இரட்டை இடத்துக்கானது. 16 என்று தொடங்குவதை யாராவது விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம், அது தனியாகத்தான் ஓடும். மெமரிதான் முக்கியம். உங்களிடம் உள்ள நான்கு 16 கிகாபைட் குச்சியும் முதல் ப்ராசஸர் பக்கம் இருக்கின்றன. அப்படியே விட்டால் இரண்டாவது ப்ராசஸர் ஒவ்வொரு தகவலுக்கும் பாலம் ஏற வேண்டும். அதே வகையில் இன்னும் நான்கு வாங்கி மறுபக்கம் போடுங்கள். பணம் இல்லையென்றால் இருப்பதையே இரண்டிரண்டாகப் பிரியுங்கள். ஒரே பக்கம் நான்கு இருப்பதைவிட உங்கள் வேலைக்கு அதுவே மேல் என்பது என் கருத்து. பவர் சப்ளையில் ப்ராசஸருக்கான எட்டு முனை ஒயர் இரண்டு வேண்டும். ஒவ்வொரு ப்ராசஸரும் 120 வாட். ப்ராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க்கும் இன்னொன்று வேண்டும். அதன் திருகுத் துளைகள் சில போர்டுகளில் சதுரமாக இருக்கும், சிலவற்றில் நீளவாட்டில் இருக்கும். அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பு இரண்டாவது ப்ராசஸரைக் கண்டுகொள்ளாது. ப்ரோ வேண்டும், அல்லது லினக்ஸ்.

அப்புறம், கடிதத்தின் கடைசி வரி. வாஸ்துப்படி மெஷினை அக்னி மூலையில் வைத்திருப்பதாகவும், அந்த ஜன்னல் கடலைப் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அங்கிருந்து நகர்த்துங்கள். சமையலறைக் கல்லுப்பு ஜாடி ஏன் கசிகிறது? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். கடற்காற்றில் வரும் உப்புத்தூளை ஃபேன் இழுத்துப் போர்டில் படிய வைக்கிறது, உங்களுக்கு இனி ஃபேனும் இரண்டு. மெஷின் ஓடும்போது சூட்டில் போர்டை ஒட்டிய காற்று உலர்ந்திருக்கும். அணைத்துப் போட்ட இரவில்தான் அந்தத் தூள் உப்பு நீராகிறது. மறுநாள் மின்சாரம் பாயும்போது ஒரு முனையின் உலோகம் கரைந்து இன்னொரு முனையில் வேர் மாதிரி வளர்ந்து இரண்டையும் இணைத்துவிடும். போர்டு போனதும் கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் கட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்துக்குத் தூசு தட்ட ஒரு தூரிகையும் ஃபேனுக்கு ஒரு வலையும் வாங்கியிருக்கலாமே என்று வருத்தமாக இருக்கும்.

ப்ராசஸரைப் பொருத்தும் அன்று ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச் அடித்து அந்தக் காலிக் குழியைப் பாருங்கள். உள்ளே 2011 ஊசிகள் இருக்கும், அந்த இடத்தின் பெயரே அந்த எண்தான். ஒன்று வளைந்திருந்தாலும் ஒரு மெமரி குச்சி காணாமல் போகலாம். பச்சைப் பூப்பு தெரிந்தால் வாங்கிய ப்ராசஸரை வைக்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்து போட்ட மெமரி குச்சிகள் அத்தனையும் திரையில் தெரிந்தால், அதே பவளப்பாறைப் படங்களை மறுபடி ஓட்டி, எத்தனை மணி நேரம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.