வேறு நாட்டில் ஆசிரியராக: விமானம் ஏறும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

வேறு நாடுகளில் பயிற்சி பெற்று வந்த ஆசிரியர்களுக்குப் பதிவு விண்ணப்பம் தயாரிக்க உதவுவது என் வேலையில் ஒரு பகுதி. வருபவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் வகுப்பெடுத்த, கைதேர்ந்த ஆசிரியர்கள். பாடத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் கிடையாது, சிக்கிக்கொள்வதெல்லாம் காகிதத்தில்தான். சொந்த நாட்டில் இருக்கும்போது இரண்டு நடையில் வாங்கியிருக்கக்கூடிய கடிதத்துக்கு, கிளம்பி வந்த பிறகு மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றிருப்பார்.

முதலில் ஒரு குழப்பம். விசாவுக்காகச் செய்யும் தகுதி மதிப்பீடு வேறு, ஆசிரியராகப் பதிவு பெறுவது வேறு. ஆஸ்திரேலியாவில் குடியேற்றத்துக்காக உங்கள் பட்டங்களை மதிப்பிடுவது ஏஐடிஎஸ்எல் என்ற அமைப்பு. அது சரி என்று சொல்லிவிட்டதாலேயே வகுப்புக்குள் போய்விட முடியாது. எந்த மாநிலத்தில் கற்பிக்கப் போகிறீர்களோ அங்கே தனியாகப் பதிய வேண்டும்: விக்டோரியாவில் விஐடி, நியூ சவுத் வேல்ஸில் நேசா என்ற அமைப்புகளில். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். பிரிட்டனிலும், இங்கிலாந்தில் கியூடிஎஸ் என்ற தகுதிநிலை பெற்றவர் ஸ்காட்லாந்துக்குப் போனால் ஜிடிசிஎஸ் பேரவையில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதனால் எங்கே குடியேறுவது என்று முடிவு செய்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் எல்லோரிடமும் இருக்கும். ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆசிரியர் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, வேலை பதிவாணையத்தின் வேலை) மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாகத் தனக்கு வர வேண்டும் என்கிறது. உங்கள் கையிலுள்ள அசலை நீங்களே ஸ்கேன் செய்து அனுப்பினால் ஏற்காது. பல்கலைக்கழக அலுவலகத்தில் யார் அதை அனுப்புவார், எவ்வளவு நாளாகும் என்று நேரில் கேட்டுவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்தது, பலரும் யோசித்தே பார்க்காத ஒன்று: பயிற்சிக் காலத்தில் மேற்பார்வையின் கீழ் எத்தனை நாள் வகுப்பெடுத்தீர்கள் என்பதற்கான சான்று. ஆஸ்திரேலிய மதிப்பீட்டுக்குப் பள்ளி ஆசிரியர்கள் குறைந்தது 45 நாட்களைக் காட்ட வேண்டும். மதிப்பெண் பட்டியலில் ‘கற்பித்தல் பயிற்சி’ என்று ஒற்றை வரி இருந்தால் அது போதாது. நாட்களின் எண்ணிக்கை, மாணவர்களின் வயது, பாடம் ஆகியவற்றைப் பயிற்சி நிறுவனமே தன் கடிதத்தாளில் எழுதித் தர வேண்டும். நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ வேறொன்றோடு இணைந்திருந்தாலோ பழைய பதிவேடுகள் யாரிடம் போயின என்று தேட வேண்டியிருக்கும். தேடுவதானால் அங்கே இருக்கும்போதே தேடிவிடுவது நல்லது.

மூன்றாவது, பணிநன்னிலைக் கடிதம். உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை, கற்பிக்கத் தடையில்லை என்று கல்வித்துறையோ ஆசிரியர் ஆணையமோ சொல்ல வேண்டும். ஆசிரியர்களைப் பதிவு செய்யும் ஆணையமே இல்லாத நாடுகளில் இப்படியொரு கடிதத்தை அதிகாரிகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பதிவாணையம் வெளியிட்டுள்ள குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, என்னென்ன விவரம் வேண்டும் என்று காட்டிக் கேட்டால் வேலை நடக்கும். இந்தக் கடிதம் சீக்கிரம் காலாவதி ஆகிவிடும் என்பதால் எழுதித் தருபவரின் தொடர்பையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத் தேர்வை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஏஐடிஎஸ்எல் கேட்பது ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் வாசிப்பிலும் எழுத்திலும் 7, பேச்சிலும் கேட்டலிலும் 8. ஆங்கிலவழியில் படித்து, ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தியவர்கள்கூட இந்த எட்டில் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். மற்ற செலவுகளில் இறங்கும் முன் இந்தத் தேர்வை எழுதிப் பார்த்துவிடலாம்.

இனி ஏஜென்ட் விஷயம். இங்கிலாந்தில் கியூடிஎஸ்ஸுக்கு அரசுத் தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. ‘கியூடிஎஸ் வாங்கித் தருகிறோம்’ என்று பெருந்தொகை கேட்பவரிடம், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. 2023-இல் அந்த வழி இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கும் திறந்தது உண்மை. ஆனால் இந்த மூன்று நாடுகளில் பயிற்சி பெற்றவர்களைப் பொறுத்தவரை அது 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல் அல்லது மொழிகள் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்குத்தான். தொடக்கப்பள்ளி ஆசிரியரிடம் இதைச் சொல்லாமலே பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், கியூடிஎஸ் கிடைத்தாலும் அது விசா ஆகாது.

பதிவு வரும்வரை வகுப்பறை உதவியாளராக வேலை பார்ப்பதைச் சிலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளூர்ப் பள்ளி எப்படி நடக்கிறது என்பதை அதைவிட வேகமாகக் கற்றுத்தரும் இடம் வேறில்லை. உங்களை நேரில் பார்த்த ஒருவரின் பரிந்துரையும் கிடைக்கும்.

குழந்தைப் பாதுகாப்பு விதிகளையும் அங்கேதான் நடைமுறையில் பார்ப்பீர்கள். நேர்காணலில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: ‘ஒரு மாணவி, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, வீட்டில் தன்னை அடிப்பதாகச் சொல்கிறாள். என்ன செய்வீர்கள்?’ அன்பான ஆசிரியர்கள் பலர், ரகசியம் காப்பேன், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவேன் என்கிறார்கள். இங்கிலாந்துப் பள்ளி எதிர்பார்ப்பது வேறு: ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது, துருவித் துருவி விசாரிக்கக் கூடாது, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொண்டு, பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் உடனே சொல்ல வேண்டும். பெற்றோரிடம் எப்போது பேசுவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.