பெட்ரோல் கோல்ஃப் கார்ட் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள்

பெடலை மிதித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை. உடனே "ஸ்டார்ட்டர் போச்சு" என்று கழற்றி மதுரைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பல நேரம் அந்த ஸ்டார்ட்டரில் ஒரு குறையும் இருக்காது. செட்டிநாட்டுப் பங்களா விடுதிகளிலும் தோப்புகளிலும் பெட்ரோல் கோல்ஃப் கார்ட் வைத்திருப்பவர்கள் இந்த வீண் செலவைத் தவிர்க்கலாம்.

இந்த வண்டியின் அமைப்பே வேறு. பெரும்பாலான மாடல்களில் பெடலை விட்டால் இன்ஜின் நின்றுவிடும், மறுபடி மிதித்தால் ஸ்டார்ட் ஆகும். பெடலோடு இணைந்த மைக்ரோ சுவிட்ச் என்ற சின்ன சுவிட்ச், சோலனாய்டு என்ற காந்த சுவிட்சை இழுக்கும். சோலனாய்டு வழியாக 12 வோல்ட் பேட்டரியின் கரண்ட் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டருக்குப் போகும், அது பெல்ட் போட்டு இன்ஜினைச் சுற்றும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டும் உள்ள வீடுகளைச் சுற்றி, நூறு இருநூறு மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ் திரும்பி ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. நம் பக்கத்து வண்டிகளில் பேட்டரி சீக்கிரம் படுப்பதற்கு இது முக்கியக் காரணம்.

சோதிக்கும் முன் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரங்களைத் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துங்கள். பெடலை மிதித்த நொடியில் இன்ஜின் பிடித்தால் வண்டி ஆள் மேல் பாய்ந்துவிடும்.

முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில், பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்த வோல்ட் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றாமல் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். அடுத்து ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, இன்ஜின் சுற்றும்போது பாருங்கள். வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலமிழந்துவிட்டது. சும்மா இருக்கும்போது 12.6 காட்டுவதை மட்டும் நம்பக்கூடாது.

பேட்டரி நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால் எர்த் வயரைச் சந்தேகப்படுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஸ்டார்ட்டர் பாடியிலும் வைத்து பெடலை மிதித்தால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் வழியில் எங்கோ உப்புப் பூத்திருக்கிறது அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூப்பது கண்ணுக்குத் தெரியும். வயர் முனையில் இருக்கும் லக் என்ற உலோகக் கண்ணிக்குள், ரப்பர் உறைக்குக் கீழே செம்பு கறுத்துப் பொடிந்துபோவது தெரியாது. உறையை விரலால் அழுத்திப் பார்த்தால் உள்ளே நெறுநெறுவென்று இருக்கும். அப்படியிருந்தால் அந்த வயரையே மாற்றிவிடுங்கள். (1953 முதல் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் உலோக அரிமானத்துக்கென்றே தனிப்பிரிவு உண்டு, விஷயம் அவ்வளவு பெரியது.)

இப்போது சோலனாய்டு. 'டிக்' சத்தமே வராவிட்டால், பெடலை மிதித்தபடி அதன் இரண்டு சிறிய டெர்மினல்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். 12 வோல்ட் வந்தும் சத்தம் இல்லை என்றால் காயில் போய்விட்டது. வோல்ட்டே வரவில்லை என்றால் சோலனாய்டின் மேல் தப்பில்லை. ஃபியூஸ், சாவி சுவிட்ச், பெடல் மைக்ரோ சுவிட்ச் என்று பின்னோக்கிப் போங்கள். மைக்ரோ சுவிட்ச் இருப்பது தரைப்பலகைக்குக் கீழே. செம்மண் புழுதியோடு ஓடிய வண்டியை ஹோஸ் வைத்துக் கழுவும்போது சேறு அதற்குள் இறங்கிக் காய்ந்துவிடும். பின்கட்டில் நிறுத்தும் வண்டியில் எலி கடித்த வயரும் அடிக்கடி மாட்டும்.

சத்தம் வருகிறது, சுற்றவில்லை என்றால் சோலனாய்டின் இரண்டு பெரிய டெர்மினல்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். பெடல் மிதித்திருக்கும்போது மீட்டர் பூஜ்யத்துக்கு அருகே இறங்க வேண்டும். 12 வோல்ட் அப்படியே நின்றால் உள்ளே கான்டாக்ட் கருகிவிட்டது. ஸ்க்ரூடிரைவரை வைத்து இரண்டையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பெட்ரோல் டேங்கும் பேட்டரி வாயுவும் பக்கத்திலேயே இருக்கின்றன.

புது சோலனாய்டு வாங்கும்போது இரண்டு தவறு நடக்கிறது. பேட்டரியில் ஓடும் கோல்ஃப் கார்ட்டுக்கான 48 வோல்ட் சோலனாய்டு பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், 12 வோல்ட்டில் அது இழுக்காது. டிராக்டர் சோலனாய்டு சில நொடி வேலைக்கானது. இங்கே பெடல் மிதித்திருக்கும்வரை கரண்ட் ஓடுவதால் சூடாகி எரிந்துவிடும். தொடர் உபயோகத்துக்கான 12 வோல்ட் சோலனாய்டு என்று கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் சரியென்றால்தான் ஸ்டார்ட்டர். அதிலும் முதலில் பெல்ட்: நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம், அதற்கு மேல் என்றால் வழுக்கும், கிறீச்சிடும். ஸ்டார்ட்டர் பாடியை லேசாகத் தட்டினால் சுற்றுகிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் பிரஷ் மாற்றினாலே போதும். டெர்மினல் நட்டை முறுக்கும்போது கீழ்நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். போல்ட்டு சேர்ந்து சுற்றினால் உள்ளே இணைப்பு அறுந்துவிடும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் பின்சக்கரம் தூக்கிய நிலையிலேயே பெடலை மிதித்து, பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். 12.6-ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட், பிரஷ் இரண்டும் சரியாக இருந்தால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள். சார்ஜ் ஏறும் வண்டியாக இருந்தாலும் குறுகிய தூரமே ஓட்டுபவர்கள் வாரம் ஓர் இரவு வெளியே இருந்து சார்ஜர் போடுங்கள். சித்திரை, வைகாசியில் மாதம் ஒருமுறையாவது பேட்டரி மூடியைத் திறந்து, தகடு மூழ்கும்படி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். ஊருணித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஊற்றக் கூடாது.