ஏறிவிட்ட நட்டும் பொருந்திய நட்டும்

மாட்டு வண்டியின் சக்கரம் அச்சின்மேல் தன்போக்கில் சுழல்கிறது. பாரம் முழுவதையும் அச்சு சுமக்கிறது. சக்கரம் வெளியே நழுவாமல் தடுப்பது மட்டுமே கடையாணியின் வேலை. அதனால்தான் வழியில் கடையாணி தொலைந்தால், கிடைத்த குச்சியைச் சீவிச் செருகிக்கொண்டு மெதுவாக வீடு வந்து சேர முடிந்தது. காவிரிப் படுகையில் வண்டி கட்டிய தலைமுறையிடமிருந்து அதே எண்ணம் காருக்கும் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. மரையில் (திருகு வரிகளில்) ஏறுகிற எந்த நட்டும் சக்கரத்தைக் காத்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். பஞ்சர் கடையின் பழைய கிரீஸ் டப்பாவில் பல கார்களின் நட்டுகள் கலந்து கிடப்பதும், ஒன்று குறைந்தால் அதிலிருந்து பொறுக்கி மாட்டுவதும் நமக்கு உறுத்துவதில்லை. ஆனால் காரின் வீல் நட்டு கடையாணி அன்று. சக்கரத்தைத் தடுத்து நிறுத்துவதற்காக அல்ல, அதை ஹப்போடு, அதாவது சக்கரம் பொருத்தப்படும் சுழலும் மையப் பகுதியோடு, சேர்த்து அழுத்துவதற்காகவே அது இருக்கிறது.

காரின் பாரம், ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரையிட்ட தண்டுகளான நான்கைந்து ஸ்டட்டுகளின்மேல் தொங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். சரியாக மாட்டப்பட்ட சக்கரத்தில் பாரத்தையும், பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வரும் விசைகளையும் பெரும்பாலும் தாங்குவது, ஹப்பின் முகமும் சக்கரத்தின் முகமும் ஒன்றையொன்று நெருக்குவதால் உண்டாகும் உராய்வுதான். 12 மி.மீ. விட்டமுள்ள ஸ்டட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும்போது, அந்த ஒரு ஸ்டட்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 நியூட்டன் இழுவிசை பிறக்கிறது. அது 4 டன் எடைக்குச் சமம். நான்கு நட்டுகளும் சேர்ந்தால் 16 டன். ஒரு சிறிய காரின் முழு எடையே 1 டன்னை ஒட்டித்தான் இருக்கும்.

இந்த விசை எங்கே சேமிக்கப்படுகிறது என்பதுதான் இதில் மிக நுட்பமான பகுதி. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ஒரு கெட்டியான ஸ்பிரிங்கைப் போல நீள்கிறது. அது மீண்டும் சுருங்க முயல்வதே இறுக்கம். மேலே சொன்ன விசையில், இழுபடும் பகுதி 25 மி.மீ. நீளம் என்று கொண்டால், எஃகு ஸ்டட் நீள்வது சுமார் 0.06 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். சக்கரத்தைப் பிடித்துவைத்திருக்கும் மூலதனம் முழுவதும் அவ்வளவுதான். நட்டுக்கு அடியில் இருக்கும் பொருள் அதில் பாதியளவு அமுங்கிப்போனாலும் இறுக்கத்தில் ஏறக்குறைய பாதி வரை போய்விடலாம்.

இனி நட்டு உட்காரும் குழியைப் பார்க்கலாம். பல கார்களில் அந்தக் குழி 60 பாகைக் கூம்பாக இருக்கும். சிலவற்றில் பந்தின் வளைவில் குழிந்திருக்கும். வேறு சிலவற்றில் வாஷரோடு கூடிய தட்டைப் பரப்பாக இருக்கும். ஹோண்டா கார்களின் அசல் சக்கரங்களில் பந்து வடிவம் வருகிறது. வெளிக்கடையில் வாங்கும் அலாய் வீல்களோ பெரும்பாலும் கூம்புக் குழி கொண்டவை. பந்து முக நட்டைக் கூம்புக் குழியில் வைத்தால், முழுப் பரப்பில் படிய வேண்டிய தொடுகை கோடு போன்ற ஒரு மெல்லிய வளையமாகச் சுருங்கிவிடுகிறது. 4 டன் விசை அந்த வளையத்தின்மேல் இறங்கும்போது பெயிண்ட் நசுங்குகிறது, எஃகைவிட மென்மையான அலுமினியம் நெளிகிறது. கடையில் இறுக்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். ஓடத் தொடங்கிய பின்தான் அந்தத் தலைமுடி அளவு நீட்சி கரைகிறது.

முறுக்கும் அளவே கூட இங்கே ஏமாற்றிவிடும். ஸ்பானரில் நாம் செலுத்தும் உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாக மாறுகிறது. மீதியை மரையின் உராய்வும் நட்டு முகத்தின் உராய்வும் தின்றுவிடுகின்றன. எனவே முகத்தின் வடிவம் மாறினால், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதும் உள்ளே பிறக்கும் இறுக்கம் வேறாகிறது. மூடிய தலை கொண்ட நட்டு உயரம் குறைந்ததாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஸ்டட்டின் நுனி மூடியின் உள்ளே முட்டிக்கொள்ள, கைக்கு இறுக்கம் தெரியும், சக்கரத்துக்கோ அழுத்தமே இருக்காது.

மரையின் கதை எளிது. மாருதி சுசூகி கார்களில் பொதுவாக 1.25 மி.மீ. இடைவெளியுள்ள மரை, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் 1.5 மி.மீ. இரண்டுக்கும் விட்டம் 12 மி.மீ.தான், வெளியே ஒரே 19 ஸ்பானர் பொருந்துகிற நட்டுகளும் உண்டு. மாற்றி ஏற்றினால் ஓரிரு சுற்று ஏறி இறுகும். அங்கே நிறுத்தினால் தப்பித்தோம். ஏர் கன் வைத்து அடித்தால் மரை அறுந்துபோகும், நட்டு மட்டும் ஏறிவிட்டதுபோல் நிற்கும்.

இறுக்கம் குறைந்த நட்டு ஏன் தானாகவே கழல்கிறது என்பதை 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர் சோதனை வழியாகக் காட்டினார்: பக்கவாட்டு அசைவில் பரப்புகள் வழுக்கத் தொடங்கினால், மரையைப் பிடித்திருக்கும் உராய்வு விடுபட்டு நட்டு தானே பின்னோக்கித் திரும்புகிறது. நம் ஆற்றங்கரைச் சாலைகளில் இந்தப் பக்கவாட்டு அசைவுக்குப் பஞ்சமே இல்லை. வெண்ணாற்றுக் கரையிலும் அரசலாற்றுக் கரையிலும் சாலை ஆற்றோடு சேர்ந்து வளைந்துகொண்டே போகிறது. மதகுக்கு மதகு மேடு வருகிறது. சம்பா அறுவடைக் காலத்தில் டிராக்டர் சக்கரங்கள் உதிர்த்த சேறு காய்ந்து கட்டியாகக் கிடக்கிறது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போவதற்குள், சுமார் 40 கி.மீ. தூரத்தில், ஒரு சக்கரம் ஏறத்தாழ 20,000 முறை சுழல்கிறது. தளர்ந்த சக்கரத்தின் ஸ்டட் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதைப் போன்றதே அது. அப்படி ஒடிந்த ஸ்டட்டின் முகத்தில், அலை ஒதுங்கிய கடற்கரை மணலில் காணும் வரிகளைப் போன்ற கோடுகள் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் மன்னார்குடி அருகே எங்கள் காரின் முன்பக்கத்தில் ‘கடகட’ என்ற ஓசை கேட்டு இறங்கிப் பார்த்தபோது, இரண்டு நட்டுகளைக் கையாலேயே திருப்ப முடிந்தது. மூன்றாவது நட்டு மற்றவற்றைப் போல இல்லை. துளையைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தது. பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தார்கள். அன்றிலிருந்து டயர் கடையில் நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சக்கரம் இல்லாத ஸ்டட்டில் நட்டை விரலால் மட்டும் திருகிப் பாருங்கள். தடையின்றிக் கடைசிவரை ஏற வேண்டும். சக்கரத்தை மாட்டிய பின் மரையில் குறைந்தது ஸ்டட்டின் விட்டத்தளவு நீளம் பற்ற வேண்டும், 12 மி.மீ. ஸ்டட்டில் 1.5 மி.மீ. மரைக்கு அது 8 சுற்று. நட்டின் முகத்தில் மார்க்கர் பேனாவால் பூசி, குழியில் வைத்து லேசாக இறுக்கிக் கழற்றுங்கள்: மை அகலமான பட்டையாகத் தேய்ந்திருந்தால் வடிவம் பொருந்துகிறது, மெல்லிய கோடாகத் தேய்ந்திருந்தால் பொருந்தவில்லை. அலாய் வீலுக்கும் எஃகு ஸ்டெப்னிக்கும் ஒரே நட்டு சேருமா என்பதையும் காரின் கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வயலோரத்தில் ஸ்டெப்னி மாற்ற நேர்ந்தால் ஹப் முகத்தில் ஒட்டிய களிமண்ணைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அது அமுங்கினாலும் இறுக்கம் போகும். மாட்டியபின் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடியும் டார்க் பார்ப்பது அவசியம்.

ஒரு சக்கரத்தின் நான்கு நட்டுகளும் வழியில் தொலைந்துவிட்டால், டப்பாவில் தேடாமல் மற்ற மூன்று சக்கரங்களிலிருந்தும் ஒவ்வொன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டு, நான்கு சக்கரமும் மும்மூன்று சரியான நட்டுகளோடு மிக மெதுவாக அருகிலுள்ள ஊர்வரை போய், அங்கே அந்தக் காருக்குரிய நட்டுகளை வாங்கி மாட்டிய பிறகே மேற்கொண்டு புறப்படுங்கள்.