புயல் மாடல் தேறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

'புயலைக் கணிக்கும் புது கம்ப்யூட்டர் மாடல் வந்தாச்சு, இனிமேல் பிசகாமல் சொல்லிவிடும்' என்று யாராவது சொன்னால், கோபிப் பக்கம் வாழை போட்டவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஒரு புயலைச் சரியாகச் சொன்னது கணக்கிலேயே வராது. குருட்டு அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 2023-ல் ஹாஃப்ஸ் (HAFS) என்ற புயல் மாடலை நடைமுறைக்குக் கொண்டுவரும் முன், முடிந்துபோன பருவங்களின் புயல்களை அதில் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்த நேரத்தில் கையில் இருந்த தகவலை மட்டும்தான் கொடுக்க வேண்டும், பிற்பாடு வந்த ஒரு செயற்கைக்கோள் படம்கூட உள்ளே நுழையக் கூடாது. நுழைந்தால் அது விடையைப் பார்த்து எழுதின பரீட்சை. பழைய மாடலும் புதியதும் ஒரே புயலுக்கு, ஒரே நேரத்தில் போட்ட கணிப்புகளைத்தான் ஒப்பிடுவார்கள். கோயம்புத்தூரில் இரண்டு மோட்டாரைச் சோதிப்பவர் ஒன்றைக் கிணற்றிலும் இன்னொன்றை ஆயிரம் அடி போரிலும் இறக்குவாரா?

அப்புறம் கிளைப்பர் என்று ஒன்று. பழைய புயல்களின் போக்கு, இந்தப் புயல் இப்போது நகரும் திசை, வேகம், இவ்வளவை வைத்தே போடும் எளிய கணிப்பு அது. அதைக்கூட ஜெயிக்காத மாடல் சூப்பர் கம்ப்யூட்டரில் ஓடினாலும் தண்டம்.

சிக்கலே மதிப்பெண் போடுவதில்தான். பாதையைப் பெரும்பாலும் சுற்றியுள்ள பெரிய காற்றோட்டம் தீர்மானிக்கிறது. வலுவையோ பெரும்பாலும் புயலின் நடுவில் இருக்கும் கண்ணைச் சுற்றி சில பத்து கிலோமீட்டருக்குள் நடப்பது தீர்மானிக்கிறது. அதனால் ஒன்றைத் திருத்தப் போய் மற்றது கெடலாம். மழை இன்னொரு கணக்கு. 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், வலுவிழந்த பிறகுதான் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. பாதை, காற்று என்ற இரண்டு மதிப்பெண்களிலும் அது தெரியவே தெரியாது, மழைமானிகளோடு தனியாக ஒப்பிட்டால்தான் உண்டு.

சரி, ஒப்பிட வைத்திருக்கும் 'உண்மை'யாவது உறுதியா? அட்லாண்டிக்கில் விமானம் புயலுக்குள்ளேயே போய்க் கருவிகளைப் போட்டு அளக்கிறது. வங்கக்கடலில் அது வழக்கமில்லை. பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில் மேகத்தின் வடிவத்தைப் பார்த்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடும் டுவோராக் முறைதான். புது மாடல் காட்டும் முன்னேற்றம் அந்த மதிப்பீட்டின் பிழையைவிடச் சின்னதாக இருந்தால் கொண்டாட ஒன்றுமில்லை. போதாததற்கு, ஒரே புயலுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்ட இருபது கணிப்புகளை இருபது தனிச் சோதனைகளாக எண்ணவும் முடியாது, முதல் கணிப்பு வடக்கே தள்ளிப் போட்டால் அடுத்ததும் அநேகமாக அப்படித்தான் தள்ளும். நம் பக்கம் வருடத்துக்கு வருவதே நாலைந்து புயல்கள் என்பதால், ஒரு பருவத்தை மட்டும் வைத்து எந்த மாடலுக்கும் பாஸ் போட முடியாது.